மிஞ்சினால் மறை

துளசிராம் சாருக்கு இருபத்தேழு அங்குலத் திரை.
அதில் பார்த்துத்தான் ஒப்புதல் கொடுத்தார்.
"பளிச்சுனு இருக்கும்மா, பாக்கியை அனுப்பிடறேன்."
அன்றைக்கே அனுப்பியும்விட்டார்.
பின்னால் உறுத்தியது அதுதான்.

பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்:
தண்ணீரைப் போல வடிவமை,
பாத்திரத்தின் உருவத்தை அது எடுத்துக்கொள்ளும்.
வைகைக் கரையில் வளர்ந்தவளிடம்
இதைச் சொல்லியிருக்க வேண்டாம்.
எனக்குப் பாத்திரம் மட்டும்தான் நன்றாகத் தெரியும்.

ஆனாலும் செய்தேன்.
மேசைக்கு மூன்று பத்தி, மடிக்கணினிக்கு இரண்டு.
முந்நூற்றறுபது பிக்சலில்
எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்,
கீழமாசி வீதிக் கட்டடங்களைப் போல
அகலம் கிடைக்காமல் உயரம் மட்டும்.
நான்கு போன்களில் சோதித்தேன்.
நான்கும் புதியவை.
பார்த்த கண்ணும் என்னுடையது.

பொத்தான் இரண்டு வரியானால் அசிங்கம் என்று
ஒரு கட்டளை சேர்த்தேன்:
மிஞ்சினால் மறை, மூன்று புள்ளி வை.

மூன்றாவது வாரம், புதன்கிழமை.
கோரிப்பாளையம், ரத்தப் பரிசோதனை நிலையம்.
பிரிண்டர் தகராறு என்று கூப்பிட்டிருந்தார்கள்.
ஒச்சம்மாள், உசிலம்பட்டிக்கும் மேற்கே ஏதோ ஊர்,
கவுண்டரில் முழங்கையை ஊன்றி நின்றிருந்தார்.
"வரச் சொல்லி வந்துச்சே."
"வர வேணாம்னுதாம்மா இருக்கு, இங்க பாருங்க."
ரிஸ்வானா தன் திரையைத் திருப்பிக் காட்டினாள்.
*நேரில் வரவேண்டியதில்லை.*
முழுசாக, பச்சையில், நான் தேடி எடுத்த எழுத்துருவில்.

அவர் தன் போனை நீட்டினார்.
மகன் கழித்துப்போட்டது. மூலையில் விரிசல்.
உறையை ஒரு ரப்பர் பேண்டு பிடித்திருந்தது.
கண் சரியாத் தெரியலப்பா என்றதும்
போன் கடைப் பையன்
எழுத்தை ஆகப் பெரிதாக்கிக் கொடுத்திருக்கிறான்.
ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவு.

*நேரில் வரவேண்டிய...*

அவ்வளவுதான் இருந்தது.

மற்ற மொழிக்காரர்களுக்கு எப்படியோ,
நமக்கு 'இல்லை' கடைசியில்தான் வரும்.
கிளம்பிய பஸ்ஸில் ஓடி ஏறுகிறவனாய்
ஒரு கால் படியில், மறுகால் காற்றில்.
இடம் குறைந்தால் முதலில் விழுவது அது.

விடிகாலை பஸ். அரைநாள் சம்பளம்.
மறுபடி ரத்தம் எடுப்பார்களோ என்று
வெறும் வயிற்றோடு வந்திருக்கிறார்.
மணி பதினொன்று.
"சின்ன போனுக்குச் சின்னச் சேதிதான் வருமாக்கும்"
என்றார். கோபம் இல்லை.
கோபப்பட்டிருக்கலாம்.

மாடிப்படியில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன்.
அந்த ஒரு வரியை அழித்தேன்.
அவர் போனை வாங்கித் திரும்ப ஏற்றினால்
வட்டம் சுற்றுகிறது, சுற்றுகிறது,
பிறகு

*வரவேண்டிய*
*தில்லை*

என்று முறிந்து விழுந்தது.
எழுத்துக்கூட்டிப் படித்தவர் நிமிர்ந்தார்.
"தில்லையா? சிதம்பரத்துக்கா போகச் சொல்லுது?"
ரிஸ்வானா சிரித்தாள், அவரும் சிரித்தார்.
எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

மாற்றி எழுதினேன்:
*சர்க்கரை சரியாக இருக்கிறது. வர வேண்டாம்.*
மூன்று வரியோ நான்கு வரியோ,
எங்கே மடங்குமோ அங்கே மடங்கட்டும்.
பொத்தான் உப்பிப்போய்
பூரி மாதிரி உட்கார்ந்திருந்தது.
சாயங்காலம் துளசிராம் சார் கூப்பிடுவார்,
"என்னம்மா, குண்டாயிருச்சு?" என்பார்.
இருக்கட்டும் சார் என்பேன்.

கீழே டீக்கடையில் எனக்கு முன்னால் ஒச்சம்மாள்.
"சீனி போடவா?"
ரப்பர் பேண்டை ஒதுக்கிவிட்டு
திரையை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டார்,
கடைசி வரி வரைக்கும் விரலால் தள்ளி,
அதற்குக் கீழே ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று
இன்னும் கொஞ்சம் தள்ளி.

"போடு" என்றார்.
"நல்லாவே போடு."